ஈசிஜி நார்மல், படபடப்பு மட்டும் நிற்கவில்லை: வேலை அழுத்தத்தோடு வரும் நோயாளிக்குக் கேர் பிளான்

திருப்பூர் பக்கத்து மருத்துவமனைகளில் நைட் ட்யூட்டி பார்க்கும் நர்ஸ்களுக்கு இந்த நோயாளியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது வெளிநாட்டு ஆர்டர்களை ஷிப்மென்ட் வரை கவனிப்பவர். நெஞ்சு அடைக்கிறது, கை மரத்துப்போகிறது என்று ராத்திரி 11 மணிக்கு வந்து சேர்ந்திருப்பார். ஈசிஜி நார்மல், ட்ரோபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) நெகட்டிவ். 'ஆங்ஸைட்டி, வேலை தொடர்பான மன அழுத்தம்' என்று எழுதி, மனநல மருத்துவருக்கு ரெஃபர் செய்துவிட்டு டாக்டர் போய்விடுவார். மனநல மருத்துவர் வருவது மறுநாள் மாலை. அதுவரை அவர் நர்ஸின் பொறுப்பு. கேர் பிளானில், அதாவது நோயாளிக்கு என்ன பராமரிப்பு என்று நர்ஸ் எழுதும் திட்டத்தில், அப்போது எழுதப்படுவது பெரும்பாலும் மூன்றே வரி: "பதற்றம். ஆறுதல் கூறவும். அமைதியான சூழல் அளிக்கவும்." அடுத்த ஷிஃப்ட்டுக்கு வருபவர் இதைப் படித்து என்ன செய்வார்? எதுவும் செய்ய முடியாது, ஏனென்றால் செய்வதற்கு அதில் எதுவும் இல்லை.

இங்கே ஒரு மாதிரி நோயாளியை வைத்துப் பேசலாம். பல பேரிடம் காண்பதைச் சேர்த்து உருவாக்கியவர், தனி ஆள் இல்லை. 38 வயது ஆண். ஐரோப்பிய பையர் இரண்டு பேரின் ஆர்டர்களுக்குப் பொறுப்பு. டையிங்கில் தாமதம், ஷிப்மென்ட் தேதி தவறப்போகிறது. கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பினால் செலவு கம்பெனி தலையில், பழி இவர் தலையில். ஐரோப்பாவில் மாலை 6 மணிக்கு ஆபீஸ் மூடும்போது இங்கே கோடையில் இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. கடைசி மெயில் வரும்வரை இவர் போனைக் கீழே வைப்பதில்லை.

முதலில் உடம்பு. நெஞ்சுவலி என்று வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி என்பது எந்த வயதுக்கும் பொருந்தும். முதல் ட்ரோபோனின் நெகட்டிவ் என்றால் டாக்டர் சொன்ன இடைவெளியில் இரண்டாவதும் போயிருக்க வேண்டும். அது வரும்வரை 'டென்ஷன் கேஸ்' என்று ஹேண்ட்ஓவர் கொடுக்கக் கூடாது. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் அடுத்த ஷிஃப்ட்டில் அவர் வலி என்று கூப்பிட்டாலும் யாரும் எழுந்து போகமாட்டார்கள். சர்க்கரை நோயாளிகளிடமும் பெண்களிடமும் மாரடைப்பு வழக்கமான வலியில்லாமல் வரலாம் என்பதால் அங்கே இன்னும் கவனம் வேண்டும். பதற்றம் போலவே தோன்றும் மற்றவற்றையும் பார்த்துவிட வேண்டும்: சர்க்கரை அளவு, ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டிஎஸ்எச். வீட்டில் என்ன மாத்திரை, என்ன இன்ஹேலர் என்று கேளுங்கள். ஆஸ்துமா இன்ஹேலரான சால்புட்டமாலை அடிக்கடி இழுப்பவருக்குக் கை நடுக்கமும் படபடப்பும் மருந்தாலேயே வரும். ஆஸ்துமா இருப்பது தெரிந்தால் அதைக் கேஸ் ஷீட்டில் பளிச்சென்று எழுதுங்கள். படபடப்புக்கு ப்ரோப்ரனலால் எழுதும் வழக்கம் உண்டு, ஆஸ்துமாக்காரருக்கு அது ஆபத்து.

இதில் அதிகம் தவறிப்போவது குடி. மனைவி பக்கத்தில் இருக்கும்போது "எப்பவாச்சும்தானுங்க" என்பார். தனியாகக் கேட்டால் ஆறு மாதமாகத் தினமும் ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, இல்லாமல் தூக்கமில்லை என்பது வெளியே வரும். கடைசியாக எப்போது குடித்தார் என்பதை மணியோடு குறியுங்கள். குடியை நிறுத்திய 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கும். பார்ப்பதற்கு அச்சு அசல் பதற்றம்தான். அட்மிட் ஆன மறுநாள் மாலை நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறிக்கொண்டே போனாலோ, இடம் நேரம் குழம்பினாலோ, இல்லாததைப் பார்ப்பதாகச் சொன்னாலோ, மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். இவருக்கு டெக்ஸ்ட்ரோஸ் டிரிப் எழுதப்பட்டிருந்தால் அதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) போட வேண்டுமா என்று கேட்பதும் நர்ஸின் வேலைதான்.

பேச உட்காரும் இடம் முக்கியம். திரையை இழுத்துவிட்டால் தனிமை வந்துவிடாது, பக்கத்துக் கட்டில்காரருக்கு எல்லாம் கேட்கும். ட்ரெஸ்ஸிங் ரூம் காலியாக இருந்தால் அங்கே கூட்டிப்போங்கள். மனைவியை டீ குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். 15 நிமிடம் போதும், ஆனால் அந்த 15 நிமிடமும் உட்கார்ந்து பேச வேண்டும். "என்ன பிரச்சனை?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லீங்க சிஸ்டர், கேஸ் மாதிரி இருந்துச்சு" என்றுதான் பதில் வரும். "நேத்துக் காலையில எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்னென்ன பண்ணுனீங்க, மணி வாரியாச் சொல்லுங்க சார்" என்று கேட்டால் நாள் முழுக்கக் கண்முன்னே வந்துவிடும்: காலைச் சாப்பாடு இல்லை, ஏழு டீ, மதியம் 3.30-க்கு இரண்டு பரோட்டா, இரவு 12 வரை போன், 4 மணிக்கு விழிப்பு. கேர் பிளானுக்கு வேண்டிய பாதித் தகவல் இந்த ஒரு கேள்வியில் கிடைக்கும்.

பதற்றத்தை அளக்கும் அளவுகோல்களில் வார்டுக்கு ஏற்றது ஜிஏடி-7 என்ற கேள்வித்தாள். ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 21. 5 முதல் லேசானது, 10 முதல் மிதமானது, 15 முதல் தீவிரம். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியது என்பதால் 'பல நாட்கள்', 'பாதி நாட்களுக்கு மேல்' என்று வெறுமனே வாசித்தால் குழம்புவார்கள். "இந்தப் பதினாலு நாள்ல எத்தனை நாள் இருந்துச்சு?" என்று கேட்டு நீங்களே மதிப்பெண் போடுங்கள். இன்னொரு விஷயம்: மூன்றாம் நாள் டிஸ்சார்ஜின்போது மறுபடி ஜிஏடி-7 போட்டு 'குறைந்துள்ளது' என்று எழுதுவதில் பொருளில்லை. கேள்வி இரண்டு வாரத்தைக் கேட்கிறது, நடுவில் போனதோ இரண்டு நாள். வார்டில் ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் பார்க்க, பதற்றம் எவ்வளவு என்று நோயாளியே சொல்லும் 0 முதல் 10 வரையான எளிய எண் போதும். ஜிஏடி-7 ரிவ்யூவுக்கு.

கூடவே மனச்சோர்வுக்கான கேள்வித்தாள் பிஎச்கியூ-9 போடுங்கள். பதற்றத்தின் அடியில் மனச்சோர்வு இருப்பது சகஜம். அதன் ஒன்பதாவது கேள்வி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. கூச்சப்பட்டு அதைத் தாண்டிப்போய் 0 போடுவது பல இடங்களில் நடக்கிறது. கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறான பயம். "இப்படியே இருக்கிறதுக்குப் போய்ச் சேர்ந்துடலாம்னு எப்பவாச்சும் தோணுச்சுங்களா?" என்று நேராகக் கேளுங்கள். ஆம் என்றால் எண்ணத்தோடு நிற்கிறதா, திட்டம் ஏதும் உண்டா, வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றதுண்டா என்று தொடர்ந்து கேட்க வேண்டும். தோட்டம் துரவு இருக்கும் குடும்பமென்றால் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்பதையும். ஆம் என்ற பதில் வந்த நொடியிலிருந்து அவரைத் தனியாக விடக் கூடாது. டாக்டருக்குத் தகவல், மணி குறித்துப் பதிவு. மற்ற எல்லாப் பிரச்சனையும் அன்றைக்கு இரண்டாம் இடத்துக்குப் போய்விடும்.

பிரச்சனை வாக்கியத்தில்தான் கேர் பிளான் நிற்கிறது அல்லது விழுகிறது. பிரச்சனை, காரணம், அடையாளம் என்ற மூன்று பகுதியும் எல்லோருக்கும் படித்ததுதான். காரணம் என்ற இடத்தில் 'வேலைப்பளு' என்று எழுதினால் அதற்கு நர்ஸ் செய்ய ஒன்றுமில்லை. 'ஆங்ஸைட்டி டிஸ்ஆர்டர்' என்று எழுதினால் அது டாக்டரின் நோய்க்கணிப்பு, காரணமாகாது. நம் நோயாளிக்கு இப்படி எழுதலாம்:

"தீவிரப் பதற்றம், ஷிப்மென்ட் தவறும் அச்சம், இரவு 10.30 வரை ஓயாத அலுவலக அழைப்பு, நெஞ்சுவலி மாரடைப்பே என்ற நம்பிக்கை ஆகியவை காரணம். நாடித்துடிப்பு 112, மூச்சு நிமிடத்துக்கு 26, ஆக்சிஜன் அளவு 99, விரல்களில் மரமரப்பு, 'ஹார்ட் நின்னுருமோன்னு இருக்குதுங்க' என்ற கூற்று, தன்மதிப்பீடு 8/10."

இந்த மூன்று காரணங்களுக்கும் வார்டிலேயே செய்ய வேலை இருக்கிறது. இரண்டாவது பிரச்சனை தூக்கம்: இரவு 12-க்கு மேல் படுக்கை, மாலை 6-க்குப் பின்னும் டீ, அதிகாலை விழிப்பு. மூன்றாவது பிரச்சனை சமாளிக்கும் முறை: குடி, சாப்பாட்டைத் தவிர்ப்பது, யாரிடமும் சொல்லாமல் இருப்பது. இரண்டு நாள் தங்கும் நோயாளிக்கு மூன்று பிரச்சனை தாராளம். மாணவர்கள் எட்டு எழுதுகிறார்கள், மதிப்பெண்ணுக்கு அது உதவலாம்.

பதற்றத்துக்கு மனநல நர்சிங்கில் ஹில்டகார்ட் பெப்லாவ் வகுத்த நான்கு நிலைகள் உண்டு: லேசானது, மிதம், தீவிரம், பீதி. அறிய வேண்டிய காரணம் ஒன்றுதான். தீவிரத்திலும் பீதியிலும் இருப்பவரின் காதில் விளக்கம் ஏறாது. அந்த நேரத்தில் மாத்திரையைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும் வகுப்பெடுத்துவிட்டு, 'ஹெல்த் எஜுகேஷன் கொடுக்கப்பட்டது' என்று எழுதுவது வீண். 8/10-ல் இருப்பவருக்கு நான்கைந்து சொல்லில் வாக்கியம்: "நான் இங்கதான் இருக்கேன். ஈசிஜி நல்லா இருக்கு. இது குறையும். என்கூட மூச்சு விடுங்க." பக்கத்தில் கூடியிருக்கும் உறவினரில் ஒருவர் மட்டும் இருக்கட்டும். பீதித் தாக்குதல் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கும். அந்த நேரம் முழுக்கக் கூட இருப்பதே சிகிச்சை. கற்றுக்கொடுப்பதெல்லாம் எண் 5-க்குக் கீழே வந்த பிறகு.

மூச்சுப்பயிற்சியில் நடக்கும் தப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். "நல்லா இழுத்து விடுங்க சார்" என்று எல்லோரும் சொல்கிறோம். ஏற்கெனவே வேகமாக மூச்சுவிட்டு ரத்தத்தில் கரியமில வாயு குறைந்ததால்தான் அவருக்கு விரல் மரத்துப்போகிறது, உதட்டைச் சுற்றி ஊசி குத்துகிறது, சிலருக்கு விரல்கள் இழுத்துக்கொள்கின்றன. இன்னும் ஆழமாக இழுத்தால் அது கூடும், தலை சுற்றும், "பாத்தீங்களா சிஸ்டர், அதிகமாகுது" என்பார். சொல்ல வேண்டியது மெதுவாக என்பதே. வாயை மூடி மூக்கு வழியாக 4 எண்ணும்வரை சாதாரண அளவு காற்று, உதட்டைக் குவித்து 6 எண்ணும்வரை வெளியே. ஒரு கை வயிற்றில், ஒரு கை நெஞ்சில். வயிற்றுக் கை மட்டும் அசைய வேண்டும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். முதல் நாள் அது வராது, 3-4 என்று தொடங்கினாலும் சரி, வெளிமூச்சு நீளமாக இருந்தால் போதும். 5 நிமிடம், ஒரு நாளில் மூன்று வேளை. அமைதியாக இருக்கும்போது பழகாத ஒன்றைத் தாக்குதல் நேரத்தில் யாராலும் செய்ய முடியாது என்பதால் நேரத்தைச் சார்ட்டில் போடுங்கள்: காலை 7, மாலை 5, இரவு 9. காகிதப் பையை மூக்கில் வைக்கும் பழைய வழக்கம் வேண்டாம். ஆக்சிஜன் குறையும், உண்மையான இதய, நுரையீரல் நோயாக இருந்தால் ஆபத்தில் முடியும்.

இரவில் தசைத் தளர்ப்பு சேர்க்கலாம். பாதத்தில் தொடங்கி மேலே வர வேண்டும். ஒவ்வொரு தசைத் தொகுதியையும் 5 நொடி இறுக்கி, 15 முதல் 20 நொடி தளர விட வேண்டும். இறுக்கும்போது மூச்சைப் பிடிக்கக் கூடாது, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் குறிப்பாக. கழுத்து, முதுகு வலிக்காரருக்கு அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.

அடுத்தது போன். இந்த நோயாளியின் கட்டிலில் டிரிப் ஸ்டாண்டைவிட அதிகம் தொந்தரவு தரும் கருவி அதுதான். பிடுங்கி வைத்தால் பதற்றம் ஏறும். அங்கே என்ன நடக்கிறதோ என்ற கற்பனை உண்மையைவிட மோசமாக இருக்கும். அப்படியே விட்டாலும் ஏறும். நடைமுறையில் எடுபடுவது நேரம் குறிப்பது: காலை 10-க்கு 20 நிமிடம், மாலை 4-க்கு 20 நிமிடம். மற்ற நேரத்தில் போன் மனைவியிடமோ தம்பியிடமோ. "அட்மிட் ஆகியிருக்காருங்க, நாலு மணிக்குக் கூப்பிடுவாரு" என்ற ஒரே பதில். இரவு 9-க்கு ஆஃப். முதல் நாள் முரண்டு பிடிப்பார். ஒவ்வொரு அழைப்புக்கு முன்னும் பின்னும் நாடித்துடிப்பை எண்ணி அவருக்கே காட்டுங்கள். 84 இருந்தது 106 ஆவதைக் கண்ணால் பார்த்தவர் அடுத்த நாள் தானாகவே போனை நீட்டுவார்.

மாலை ஆறரை மணிக்கு ஒரு தாளும் பேனாவும் கொடுங்கள். 15 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். மனதில் ஓடுவதையெல்லாம் இரண்டு பக்கமாகப் பிரித்து எழுத வேண்டும்: என் கையில் இருப்பது, இல்லாதது. டையிங் யூனிட்டில் மிஷின் பழுது அவர் கையில் இல்லை. தாமதம் எத்தனை நாள் என்று பையருக்கு இன்றே எழுதுவது கையில் இருக்கிறது. பாதிச் சரக்கை முதலில் அனுப்ப அனுமதி கேட்பதும், பாஸிடம் இன்னொரு ஆளைக் கேட்பதும் அப்படியே. கையில் இருப்பவற்றில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்து, எப்போது, யாரிடம் என்று எழுதச் சொல்லுங்கள். ராத்திரி 2 மணிக்கு அதே நினைப்பு வந்தால் "நாளைக்கு ஆறரை மணித் தாளுக்கு" என்று தள்ளிவைக்கலாம். எல்லோருக்கும் இது பலிக்காது. எழுதப் பழக்கமில்லாதவருக்கு நர்ஸ் கேட்டு எழுதிக்கொடுக்கலாம்.

டீ, காபியை ஒரேயடியாக நிறுத்தச் சொல்வது வார்டில் இன்னொரு பிரச்சனையைக் கொண்டுவரும். ஏழு டீக்காரருக்கு மறுநாள் தலைவலி மண்டையைப் பிளக்கும், சி.டி. எடுக்கலாமா என்ற பேச்சு வரும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரு கிளாஸைக் குறைத்து, மதியம் 2-க்கு மேல் வேண்டாம் என்று கொண்டுவாருங்கள். காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரமாகும். தூக்கத்தில் உறுதியாகப் பிடிக்க வேண்டியது எழும் நேரம், படுக்கும் நேரம் அதைத் தொடர்ந்து வரும். 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து போய் உட்கார வேண்டும், மணி பார்க்கக் கூடாது. வார்டில் இதைச் செய்யவிடுவதில்லை, "போய்ப் படுங்க" என்று விரட்டுகிறோம். அதைக் கொஞ்சம் விடலாம். அப்படியே அவசியமில்லாத அதிகாலை 4 மணி பிபி பார்ப்பதையும் டாக்டரிடம் கேட்டு 6-க்குத் தள்ளலாம்.

பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்குமான எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்றவை எழுதப்பட்டால் நோயாளிக்கு முதலில் தெரிய வேண்டியது, அது வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும். முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, கொஞ்சம் கூடுதல் படபடப்புகூட வரலாம். இதைச் சொல்லாமல் அனுப்பினால் நான்காம் நாள் "மாத்திரை ஒத்துக்கல" என்று நிறுத்திவிடுவார். 25 வயதுக்குட்பட்டவர் என்றால் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று குடும்பம் கவனிக்க வேண்டும். க்ளோனசெபாம் வேறு வகை: உடனே கேட்கும், அதனாலேயே ஆபத்து. பொதுவாக 2 முதல் 4 வாரத்துக்குள் முடிக்க வேண்டியது. குடியோடு சேரக் கூடாது, தானாகத் திடீரென நிறுத்தவும் கூடாது, மறுநாள் காலை பைக் ஓட்டும்போது மந்தமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் தொடர்ந்து வாங்கும் பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது. இரண்டு மாத்திரையையும் மனைவி 'தூக்க மாத்திரை' என்றே சொல்வார். அட்டையில் பேனாவால் எது தினமும், எது எத்தனை நாளுக்கு என்று எழுதிக்கொடுங்கள்.

குடும்பத்துக்கு ஒரு வார்த்தை. "தைரியமா இருங்க, இதெல்லாம் ஒரு விஷயமா" என்பது அவரை வாயடைக்க வைக்கும். மாற்றாக என்ன சொல்வது என்று கேட்பார்கள். "இப்ப எத்தனை மார்க்ல இருக்கு?" என்று அந்த 0-10 எண்ணைக் கேட்கச் சொல்லுங்கள்.

கம்பெனியிலிருந்து எச்ஆரோ சூப்பர்வைசரோ வார்டுக்கு போன் செய்வது உண்டு, நல்லெண்ணத்திலும் இருக்கலாம். எதுவும் சொல்லக் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 23-ஆம் பிரிவு ரகசியத்தை நோயாளியின் உரிமையாக வைத்திருக்கிறது. "நோயாளிகளைப் பத்தி போன்ல சொல்றதில்லீங்க, அவர்கிட்டயே கேட்டுக்கங்க" என்று முடித்துக்கொள்ளுங்கள். விடுப்புச் சான்றிதழில் நோயின் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்று நோயாளியிடம் கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். இதை யாரும் கேட்காததால்தான் பலர் சான்றிதழையே கொடுக்காமல் மறுநாள் வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

மெர்ச்சண்டைசருக்குப் பதில் அங்கே தையல் லைனில் இருக்கும் பெண் வந்தால் பிளானின் இந்தப் பகுதி மாறும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருக்கும். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் கட்டியிருந்தால், நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். இஎஸ்ஐ மருத்துவரின் சான்று தேவை. அவரிடம் இன்னொன்றும் தனியாகக் கேட்க வேண்டும்: அழுத்தம் டார்கெட்டாலா, அல்லது யாராவது தொந்தரவு செய்கிறார்களா? பாலியல் தொந்தரவு என்றால் மூச்சுப்பயிற்சி அதற்கு மருந்தில்லை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பணியிடப் பாலியல் தொந்தரவுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள் புகார்க் குழு இருக்க வேண்டும், புகாருக்குப் பொதுவாக மூன்று மாத அவகாசம். சமூகப் பணியாளருக்கு ரெஃபர் செய்வது கேர் பிளானில் ஒரு வரியாக வர வேண்டும்.

நர்ஸ் நோட்ஸில் 'ஆறுதல் கூறப்பட்டது' என்ற சொற்றொடரை விட்டுவிட்டு இப்படி எழுதிப் பாருங்கள்: "மாலை 4.25: அலுவலக அழைப்புக்குப் பின் பதற்றம் 7/10, நாடி 106, மூச்சு 24. 4-6 மூச்சு 5 நிமிடம், கூட இருந்து செய்யப்பட்டது. 4.40: 4/10, நாடி 88. அடுத்த அழைப்பு நாளை காலை 10." இலக்கும் இதே அளவில் இருக்கட்டும்: 'பதற்றம் குறையும்' என்பதற்குப் பதில் '24 மணி நேரத்தில் தன்மதிப்பீடு 8-லிருந்து 5-க்கு வரும், உதவியில்லாமல் மூச்சுப்பயிற்சி செய்து காட்டுவார்'. எட்டவில்லையென்றால் நோயாளியைக் குறை சொல்லாமல் காரணப் பகுதியைத் திரும்பப் பாருங்கள். பெரும்பாலும் சொல்லாமல் விட்ட ஒன்று அங்கே இருக்கும்: கடன், குடி, அல்லது ஏற்கெனவே வேலை போய்விட்டது.

டிஸ்சார்ஜ் நேரத்தில் தாளில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டியவை: ரிவ்யூ தேதி (இரண்டாவது, நான்காவது வாரம், ஜிஏடி-7 அப்போது), இரவு 9.30-க்கு மேல் மெயில் பார்ப்பதில்லை என்பதைப் பாஸிடம் எப்போது பேசப்போகிறார் என்ற தேதி, 24 மணி நேரமும் தமிழில் பேசக்கூடிய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. பிறகு கடைசியாக இதை வாயாலும் சொல்லுங்கள், மனைவியும் கேட்கும்படி. 'டென்ஷன்தான்' என்று ஒருமுறை சொல்லி அனுப்பப்பட்டவர் உண்மையான மாரடைப்பையும் அப்படியே நினைத்து வீட்டில் படுத்திருக்கும் அபாயம் உண்டு. படி ஏறும்போதோ நடக்கும்போதோ வந்து நின்றால் குறையும் வலி, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம், 4-6 மூச்சு 10 நிமிடம் செய்தும் விடாத அழுத்தம்: இவற்றில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு வந்துவிட வேண்டும். மறுபடியும் ஈசிஜி நார்மல் என்று வந்தாலும் பரவாயில்லை, யாரும் திட்டமாட்டார்கள் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.